குண்டான் மூடி போட்ட அம்பாசடர்

எங்கள் பக்கத்து ஆண்கள் பழைய கார் ஒன்றைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் சொல்லாமல் நகர மாட்டார்கள். முதலில் "எந்த வருஷ மாடலு?" என்பார்கள். என்ன பதில் சொன்னாலும் தெரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். அடுத்தது கேள்வி அல்ல, உத்தரவு: "பானெட்டைத் தெறங்க, பாப்போம்." திறந்ததும் இடுப்பில் கைவைத்துக் குனிந்து, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள்போல் கொஞ்ச நேரம் உள்ளே பார்ப்பார்கள். பிறகு "ம்" என்பார்கள். அந்த "ம்" மேலே ஏறி முடிந்தால் வண்டிக்கு மரியாதை. கீழே இறங்கி முடிந்தால் வண்டிக்காரருக்குத் தலைகுனிவு.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். படித்துவிட்டு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சம்பளப் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். (இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.) கைக்கு வேலை இல்லாத கோபம் எல்லாம் சேர்ந்து ஒரு காரின் மேல் போய் விழுந்தது. அது செல்வராசு மாமாவின் வெள்ளை அம்பாசடர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குளத்தூரில் நெல் வியாபாரம். வியாபாரத்துக்கு வேறு வண்டி வந்த பிறகு அம்பாசடரைச் சிமெண்டு ஷீட் கொட்டகையில் நிறுத்திவிட்டார். எப்போதாவது கோயிலுக்கு எடுப்பார். நன்றாகத்தான் ஓடும். திடீரென்று ஒருநாள் அதை விற்கப் போவதாகச் சொன்னார். செட்டிநாட்டுப் பக்கம் யாரோ ஒருவர் பழைய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறாராம். அம்பாசடரை வாசலில் நிறுத்தி, பானெட்டைக் கழற்றி, எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் குழியில் மண் நிரப்பிக் குரோட்டன்ஸ் செடி வைக்கப் போகிறாராம். அதற்கு முன்னால் நின்று விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

அன்றே குளத்தூருக்குப் போய் நின்றேன்.

"மாமா, அத எனக்குக் குடுங்க."

"ஒனக்கு எதுக்குத்தா? ஸ்கூட்டிக்கே நீ காத்து அடிக்கிறதில்ல."

"நான் பாத்துக்கிறேன் மாமா. புதுசு மாதிரி ஆக்கிக் காட்டுறேன்."

மாமா என்னைக் கூட்டிப்போய்ப் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து, எது எஞ்சின், எது மண் என்று பிரிக்க முடியாமல் கிடந்தது. பேட்டரி ஓரத்தில் மாமாவின் பழைய பனியனை மெத்தையாக்கி ஓர் எலிக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்திருந்தது.

"இந்தா பாரு," என்றார் மாமா. "திவ்யா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில நடக்கட்டும். நீயே ஓட்டு. மாப்பிள்ளையோட சித்தப்பா லாரிக்குப் பாடி கட்டுறவரு. சும்மா விடமாட்டாரு, கட்டாயம் பானெட்டைத் தெறக்கச் சொல்லுவாரு. தெறந்து பாத்து அந்தாளு வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா சாவி ஒனக்கு. வரலன்னா மறுநாளே ஓட்டல்காரனுக்குப் போன் அடிச்சிருவேன். ஒங்க அம்மா வந்து அழுதாலும் கேக்கமாட்டேன்."

திவ்யா என் அக்கா. மாப்பிள்ளை விராலிமலைக்காரர். அழைப்புக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருந்தது. நான் அதே இடத்தில் ஒப்புக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் பழைய கார்களின் எஞ்சினை நகைக்கடை ஷோகேஸ்போல ஆக்கும் வீடியோக்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். அவர்களிடம் இருந்ததில் எனக்கு இல்லாதது பணம் மட்டும்தான். அது ஒரு பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் முழுக்கக் கழுவினேன். மண்ணெண்ணெய், டீசல், வீட்டில் எல்லோருடைய பழைய பல் தேய்க்கும் பிரஷ். (அப்பாவினுடையது அவ்வளவு பழையதல்ல என்று பிறகுதான் தெரிந்தது.) ரேடியேட்டரின் மேல்தொட்டியில் இருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டினால் உள்ளே பித்தளை. விடுவேனா? புளியைக் கரைத்துக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். வெயிலில் அது மின்னிய மின்னலுக்கு மாமாவின் கோழிகள் ஓரமாக ஒதுங்கி நடந்தன. வயர்களை ஒழுங்காகக் கட்டி, சைக்கிள் கடைச் சிவப்பு டேப்பைச் சுற்றினேன். எலிக் குடும்பத்தைப் பனியனோடு வைக்கோல் போருக்கு மாற்றிக் குடியமர்த்தினேன்.

அடுத்து ஏர் கிளீனர். எஞ்சின் தலையில் வட்டமாக, கறுப்பாக, அடுப்பில் கரிந்த ஆப்பச்சட்டிபோல உட்கார்ந்திருக்கும். வீடியோவில் அந்த இடத்தில் குரோம் மூடி ஒன்று பளபளக்கும். என்னால் அதை வாங்க முடியாது. ஆனால் அம்மாவின் அடுக்களையில் எவர்சில்வர் குண்டான் ஒன்று இருந்தது. சும்மா அதன் மூடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. நடுவில் ஓர் ஓட்டை போட்டுத் திருகாணியை முடுக்கினேன். அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா மூடியைத் தேட ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் எத்தனையோ காணாமல் போகும் என்று நானும் சேர்ந்து தேடினேன்.

மிச்சம் இருந்தது பானெட்டின் உள்பக்கம். அங்கே கறுப்பாகக் கனமான விரிப்பு ஒன்று ஒட்ட வேண்டும். சூடு மேலே ஏறாது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். என்னோடு கல்லூரியில் படித்த ஆரோக்கியம் விராலிமலையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவனிடம் போனேன்.

"பின்பக்கம் கறுப்பா இருக்கிற ஃப்ளெக்ஸ் இருக்குல்ல, அது போதும்," என்றான். "ரெண்டு மழைக்காலம் நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"எஞ்சின் சூடு தாங்குமாடா?"

"எங்க தெரு முக்கத்துல சித்திரை வெயிலத் தாங்குது. ஒன் எஞ்சின் அதவிடப் பெருசா?"

இன்ஜினீயரிங் படித்த இரண்டு பேர் பேசிக்கொண்ட பேச்சு இது.

கடைக்குப் பின்னால் கழற்றிக் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ்கள் குவிந்து கிடந்தன. காதணி விழா, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. நல்ல கனமாக ஒன்றை உருவிச் சுருட்டிக் கொடுத்தான். சுருளின் ஓரத்தில் ஒரு வேட்டிக் கரையும், தங்கநிற வாட்ச் கட்டிய ஒரு கையும் தெரிந்தன.

"யாருடா இது?"

"யாரா இருந்தா என்ன? ஒட்டப் போறது உள்பக்கம் பாத்துத்தானே."

வாட்சைப் பார்த்து ஏதோ கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். கொட்டகைத் தரையில் கறுப்புப் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, பானெட் அளவுக்கு மேலேயும் கீழேயும் கத்தரித்தேன். செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசையைத் தடவி, படம் தகரத்தைப் பார்க்க, கறுப்பு எஞ்சினைப் பார்க்க ஒட்டினேன். படத்தில் இருந்தவரின் முகத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வந்து குனிந்து பார்த்தார். "ம்" என்றார். மேலே ஏறி முடிந்தது. நார்த்தாமலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். ஒரு குறையில்லை. ஹைவேயில் காற்று அள்ளிக்கொண்டு போனது. வண்டி என்னுடையது என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பெயர்கூட யோசித்து வைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அழைப்பு அன்று காலையில் கடைசியாக ஒருமுறை பானெட்டைத் திறந்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கண்ணை உறுத்தியது. சைலன்சருக்குப் புகையை அனுப்பும் இரும்பு அது. எஞ்சினிலேயே அதிகம் சுடுகிற இடம். சுற்றிலும் எல்லாம் மின்ன, அது மட்டும் துருவேறிக் கிடந்தது. கல்யாணத்துக்காக வீட்டு கேட்டுக்கு அடித்த சில்வர் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டப்பாவில் கேட், கிரில், ஜன்னல் என்று போட்டிருந்தது. எஞ்சினுக்கு அடிக்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. அடித்தேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. அத்தானும் மாப்பிள்ளைத் தோழனும் பின் சீட்டில். மாமா பட்டு வேட்டியில் என் பக்கத்தில். ஸ்டியரிங்கில் நான். முன்னால் மேளம், அதற்கு முன்னால் அத்தானின் நண்பர்கள் ஆடிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. வண்டியை நான் ஹைவேயில் ஓட்டிப் பார்த்திருந்தேன். மாப்பிள்ளை அழைப்பு போகிற வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. மேளக்காரர்களைத் தாண்டி மாப்பிள்ளை போக முடியாது. ஆடுகிறவர்களைத் தாண்டி மேளம் போக முடியாது. ஆடுகிறவர்களோ போகிற எண்ணத்திலேயே இல்லை. நின்ற இடத்தில் நின்று எஞ்சின் கொதித்தது. உள்ளே போகக் காற்று என்று ஒன்று இல்லவே இல்லை.

முதலில் வாசம் வந்தது. புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டைத் தீயில் வாட்டினால் வருகிற வாசம். அடுத்துப் பானெட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் வெள்ளையாகப் புகை வந்தது. போட்டோகிராபர் ஓடிவந்தார்.

"அக்கா, பொகை செமையா இருக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்க, ஒரு ஸ்லோமோஷன் எடுத்துக்கிறேன்."

அத்தான் பின்னாலிருந்து மரியாதையாகக் கேட்டார். "பவி, இது ப்ளான்ல இருந்துச்சா?"

"ஆமாங்க அத்தான்."

ஆடுகிறவர்கள் புகையைப் பார்த்து உற்சாகமாகி இன்னும் கொஞ்ச நேரம் ஆடினார்கள். மேளமும் சளைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பானெட்டுக்குள்ளிருந்து படபடபடவென்று ஒரு சத்தம் எழுந்தது. கோழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு சிறகடிப்பதுபோல இருந்தது.

மாமா வெளியே எல்லோரையும் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டே பல்லிடுக்கில் கேட்டார். "என்னத்தா சத்தம்?"

"காத்து மாமா."

"காத்தே அடிக்கலையே."

"அதான் மாமா பிரச்சினை."

ஒருவழியாக மண்டப வாசல் வந்தது. இரண்டு வீட்டுச் சனமும் அங்கே கூடி நின்றது. அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றிருந்தார். எஞ்சினை அணைத்தேன். படபடப்பு நின்றது. புகை நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் சித்தப்பா வந்தார். லாரிக்குப் பாடி கட்டுகிறவரின் உடம்பும் லாரிபோலவே இருந்தது.

"பானெட்டைத் தெறம்மா."

"மாப்பிள்ளை எறங்கட்டும் சித்தப்பா. ஆரத்தி எடுத்துட்டுப் பொறுமையா..."

"பொகையுது. தெறன்னு சொல்றேன்ல."

திறந்தேன்.

புகை விலகியது. எஞ்சின் மேல் ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருந்தார்.

இடுப்புக்கு மேலே முழு உருவம். வெள்ளைச் சட்டை, தங்கநிற வாட்ச், முறுக்கிய மீசை. இரண்டு கையையும் கூப்பி, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சூட்டில் பசை இளகி, கறுப்புப் பக்கம் கீழேயும் படம் மேலேயுமாக ஃப்ளெக்ஸ் அப்படியே உதிர்ந்து விழுந்திருந்தது. அதன் ஒரு முனைதான் ஃபேனில் அடித்துச் சிறகடித்திருக்கிறது. தலைப்பை நான் கத்தரித்திருந்தேன். ஆனால் கையடியில் இரண்டு வார்த்தை மிச்சம் இருந்தது: "பிரிவால் வாடும்".

மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

அத்தான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து பார்த்தார். "பெரியப்பா" என்றார்.

அத்தானின் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதும், போன வருஷம் அவர் தவறியதால்தான் அக்கா கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்பதும் எனக்குத் தெரியும். ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்த முதல் தடவையே இப்படி. நல்ல காரியத்து வாசலில், ஆரத்திக்கு எதிரே, கண்ணீர் அஞ்சலிப் படம். மண்டபத்து மாடி ஜன்னலில் பாதி மேக்கப்போடு அக்காவின் முகம் தெரிந்தது. அந்தப் பார்வைக்கு நான் அப்படியே எஞ்சினுக்குள் இறங்கிப் பெரியப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டிருப்பேன். என் கண்ணுக்குள் குரோட்டன்ஸ் செடி துளிர்விட ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது, மாமா வியாபாரி. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பெரியவரு இல்லாம ஒரு விசேசமான்னு எங்க பிள்ளைக்கு மனசு கேக்கலங்க. அதான், மொத வண்டியில அவரையும் கூட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்துத் தொண்டை அடைத்து நின்றார். (பயத்தில் அடைத்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.)

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அப்போது பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரம் நின்ற ஓர் அம்மா நடந்து வந்தார். பெரியப்பாவின் மனைவி. ஆரத்தி எடுக்கிற நேரத்தில் கணவனை இழந்தவர்கள் முன்னால் வருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவரும் அதனால்தான் ஒதுங்கி நின்றிருக்கிறார். கூட்டம் தானாக வழிவிட்டது. வந்து, இடுப்பில் கைவைத்து, குனிந்து, எல்லா ஆண்களும் பார்ப்பதுபோலவே உள்ளே பார்த்தார்.

"எந்தக் காரு ரோட்ல நின்னாலும் தலைய உள்ள விட்டுருவாரு," என்றார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வந்து நிக்கிது, மூச்சு வாங்குது மனுசனுக்கு, பானெட்டைத் தெறந்து பாத்துட்டுத்தான் ஏறுனாரு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்கு முழுசாவே உள்ள போயிட்டாரு."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அத்தான். பிறகு சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று சொல்ல முடியாதபடி மொத்தச் சனமும். அத்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இங்கிட்டே நில்லுங்க பெரியம்மா. எங்கிட்டும் போகக்கூடாது." அம்மா இருவருக்கும் சேர்த்தே ஆரத்தி சுற்றினார்.

அந்தச் சந்தடியில் பெரியம்மா என் காதருகே வந்தார்.

"முக்கத்துல கட்டியிருந்த ஃப்ளெக்ஸ்தானே? அந்த வாட்ச்சு தெரியிற மாதிரி போட்டோவ எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"தெரியாம ஒட்டிட்டேன் பெரியம்மா, சத்தியமா..."

"சரி, வாய மூடு. ஒங்க மாமா நல்லா அழுதுக்கிட்டு இருக்காரு. கெடுத்துறாத."

சித்தப்பா ஃப்ளெக்ஸின் இரண்டு முனையையும் பிடித்து, பெரியவரைக் கைத்தாங்கலாக எழுப்புவதுபோலப் பதவிசாகத் தூக்கினார். மேனிஃபோல்டில் பட்டு ஒரு முழங்கை மட்டும் உருகியிருந்தது. ஃப்ளெக்ஸ் விலகியதும் கீழே எஞ்சின் தெரிந்தது. எஞ்சினின் தலையில், மண்டபத்து விளக்கு அத்தனையும் பட்டு மின்னிக்கொண்டு, அது.

"அடியே," என்றார் அம்மா, ஆரத்தித் தட்டோடு. "அது எங் குண்டான் மூடி."

அதற்குப் பிறகு மேளக்காரர்களாலும் வாசிக்க முடியவில்லை. நாதஸ்வரத்துக்குள் சிரிப்பு போனால் என்ன சத்தம் வரும் என்று அன்றுதான் கேட்டேன்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. உரிந்து தொங்கிய சில்வர் பெயின்டைப் பார்த்தார். சிவப்பு டேப்பைப் பார்த்தார். மூடியைச் சுண்டிப் பார்த்தார். "ம்" என்றார். கீழே இறங்கியது. எனக்கு உயிர் போனது. போகிறவர் திரும்பி, புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"ரேடியேட்டரு நல்லாருக்கு."

நான் மாமாவைப் பார்த்தேன். "மாமா, நல்லாருக்குன்னு வந்துருச்சு."

"ரேடியேட்டரத்தானே சொன்னாரு."

"எதுன்னு நீங்க சொல்லவே இல்லையே மாமா."

மாமா அசையவில்லை. மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, வாய்தவறி, வண்டி ஓட்டலுக்குப் போகப்போகிற கதையைச் சம்பந்திகளிடம் சொல்லிவிட்டார். மண் கொட்டிச் செடி வைக்கிற விஷயத்தையும் சேர்த்து. எதிர்ப் பந்தியில் பெரியம்மா பாயசத்தைக் கீழே வைத்தார்.

"அவரு படுத்து எந்திரிச்ச எடத்துல மண்ணையா கொட்டப் போறீக?"

பந்தியே மாமாவைப் பார்த்தது. முந்தின நாள் அழுத அழுகைக்கு இப்போது மாமாவால் கணக்குச் சொல்ல முடியவில்லை. எச்சில் கையோடு இடது கையால் மடியைத் துழாவிச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வண்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மேனிஃபோல்டுக்குச் சூடு தாங்கும் பெயின்ட் அடித்தாயிற்று. பானெட்டுக்கு நல்ல விரிப்பும் வாங்கி ஒட்டியாயிற்று. மூடியை அம்மா பிடுங்கிக்கொண்டார். ஓட்டையோடு இப்போது ஆவி போவதற்குத் தோதாக இருக்கிறதாம், ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் என்னை முறைக்கிறார். நான் யோசித்து வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு குடும்பத்திலும் அது "பெரியப்பா வண்டி". எந்த விசேஷத்துக்கும் சித்தப்பா போன் செய்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பெரியப்பா எத்தனை மணிக்கு வாராரு?"

ஃப்ளெக்ஸையும் பெரியம்மா தூக்கிப் போட விடவில்லை. புது விரிப்புக்கு மேல் திரும்பவும் ஒட்டச் சொன்னார், இந்தத் தடவை முகம் வெளியே தெரியும்படி. உருகிய முழங்கையைக் கத்தரித்துவிட்டு, நல்ல பசையாக வாங்கி ஒட்டினேன். போன மாதம் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் கடுகடுவென்று வந்து, "பானெட்டைத் தெறங்க" என்றார். திறந்தேன். இடுப்பில் கைவைத்துக் குனிந்தவர், மேலே நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பித் திருப்பிக் கும்பிட்டார்.